ஸ்ரீரங்கத்தில் இரண்டு ராத்திரி

ஆடிப் பதினெட்டுக்கு ஸ்ரீரங்கம் போவது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் 2024 ஜூலை 31-ஆம் தேதி பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்தபோது என் மனசில் சந்தோஷம் இல்லை. நான் போனது காவிரியைப் பார்க்க அல்ல. ஒரு ஆளை வேலையைவிட்டு நிறுத்தலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்ல.

ரயில் பெட்டி முழுக்கக் காவிரிப் பேச்சுதான். முந்தின நாள் மேட்டூர் அணை 120 அடியும் நிரம்பிவிட்டதாம். "ஆடிப் பெருக்குக்கு நிஜமாவே பெருக்கு வந்துடும்" என்று எதிர் சீட்டுப் பெரியவர் குழந்தை மாதிரி பூரித்துப் போனார். லால்குடி தாண்டி, கொள்ளிடம் பாலத்தில் ரயில் தடதடவென்று ஓடும்போது எல்லோரும் ஜன்னல் வழியே இருட்டில் தண்ணீரைத் தேடினார்கள். எனக்கோ அத்தையின் முகம்தான் கண்முன் நின்றது.

அத்தைக்கு எண்பத்திரண்டு வயசு. அடையவளஞ்சான் தெருவில், அறுபது வருஷத்துக்கு முன்னால் மருமகளாகக் காலடி வைத்த அதே வீட்டில்தான் இன்றும் இருக்கிறாள். ராஜகோபுரம் 236 அடி உயரத்துக்குப் பதின்மூன்று நிலைகளோடு எழும்பி, 1987 மார்ச்சில் சம்ப்ரோக்ஷணம் நடந்ததே, அதை மொட்டை மாடியில் நின்று கண்ணீர்விட்டுப் பார்த்தவள். விடியற்காலையில் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா மண்டபத்துக்கு நடையாக நடந்து, ஸ்நானம் பண்ணிவிட்டு வந்துதான் அடுப்பு மூட்டுவாள். அப்படிப்பட்டவளைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளி நாலு வருஷம் ஆகிறது. வலது கையும் காலும் வராது. பேச்சும் போய்விட்டது. "அம்மா", "இல்லே", "போறும்" என்ற மூன்றே வார்த்தைகள்தான் மிச்சம்.

ஒரே பிள்ளை, என் அத்தான், புனேயில் உத்தியோகம். அவர்தான் போன் பண்ணினார்: "வீட்டோட வெச்சிருக்கோமே அந்தப் பொம்மனாட்டி, ரொம்ப முரட்டுத்தனமா இருக்காளாம். எதிராத்து மாமி சொன்னா. நீ போய் நாலு நாள் இருந்து பாரேன். சரியில்லேன்னா ஆளை மாத்திடலாம். இல்லேன்னா ஏதாவது ஹோம்ல சேர்த்துடலாம்."

"கையை விடுங்கம்மா!"

ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். அத்தை கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கண் பளபளத்தது. ஆசையாக ஓடிப்போய், "எழுந்து உட்காருங்கோ அத்தை" என்று அவள் வலது கையைப் பிடித்துத் தூக்கினேன்.

"கையை விடுங்கம்மா!"

அதட்டல் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமையலறையிலிருந்து ஓடிவந்த அந்த அம்மா, என் கையை விலக்கி, அத்தையின் தோளுக்கு அடியில் கைகொடுத்து, "பாட்டி, இப்ப உக்காரப் போறோம், சரியா?" என்று சொல்லிவிட்டு, மெதுவாக அணைத்து உட்கார்த்தினார்.

'மாமி சொன்னது சரிதான். என்ன திமிர்!' என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வந்த பிஸியோதெரபிஸ்ட் பெண்ணிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தேன். "வாதம் வந்த கையைப் பிடிச்சு இழுத்தா தோள்பட்டை மூட்டு நழுவிடும் மேடம். தோள்ல வலி வந்தா எக்ஸர்சைஸே பண்ண விட மாட்டாங்க. இந்த வீட்டுல அக்கா கவனமா இருக்கறதாலதான் பாட்டி தோள் இன்னும் நல்லாயிருக்கு" என்றாள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

தெருவே அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் நானும் அக்கா என்றே எழுதுகிறேன். நாற்பத்தைந்து வயசிருக்கும். முசிறிப் பக்கம் காவிரிக்கரைக் கிராமம். எட்டாவது வரை படிப்பு. திருச்சியில் ஒரு நர்ஸிங் ஹோமில் சில வருஷம் ஆயாவாக இருந்து, அங்கே நர்ஸுகள் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்.

தட்டையின் கதை

அன்று முழுவதும் நான் வேறு வேலையே பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரவைக் கஞ்சியானாலும் குழைந்த தயிர் சாதமானாலும் அத்தையை நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்த பிறகுதான் ஸ்பூன். தானும் எதிரே உட்கார்ந்துகொள்கிறார். மோவாய் கொஞ்சம் கீழே தாழ்ந்திருக்கிறதா என்று பார்த்து, அரை ஸ்பூன். தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்த அரை ஸ்பூன். தண்ணீரைக்கூட டாக்டர் சொன்ன பதத்தில் கெட்டிப்படுத்தி ஸ்பூனில்தான் தருகிறார். சாப்பிட்டு அரைமணி நேரம் படுக்க விடுவதில்லை. ஒரு கிண்ணம் சாதத்துக்கு முக்கால் மணி நேரம்! எனக்குப் பார்க்கவே பொறுமையில்லை.

"பக்கவாதம் வந்தவங்களுக்கு முழுங்கறது கஷ்டம்மா. அவசரப்பட்டா புரையேறி நுரையீரலுக்குப் போயிடும். அப்புறம் நிமோனியாதான்" என்றார்.

எதிராத்து மாமியின் புகார் எங்கே முளைத்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. போன மாசம் மாமி பிரியமாகத் தட்டை பண்ணிக்கொண்டு வந்து, பொடித்து அத்தை வாயில் போடப் போனாராம். அக்கா வெடுக்கென்று கையைத் தட்டிவிட்டார். "மாமி கோவிச்சிக்கிட்டாங்க. நான் மெதுவா சொல்லியிருக்கணும். ஆனா சொல்லி முடிக்கறதுக்குள்ள வாய்க்குள்ள போயிருக்கும்மா."

சாயந்திரம் இன்னொரு அதிசயம். விளக்கேற்றிவிட்டு வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்த அக்கா, திருப்பாவையின் முதல் வார்த்தையை ராகமாக எடுத்துக் கொடுத்தார். மூன்று வார்த்தைக்கு மேல் பேச வராத என் அத்தை, தடங்கலில்லாமல் அந்தப் பாசுரத்தை முழுக்கச் சொன்னாள்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிலருக்குப் பேச்சு போனாலும், பாட்டும் மனப்பாடமாக இருப்பதும் மூளையில் தங்கிவிடுமாம், டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆனால் அதற்காக முப்பது பாசுரத்துக்கும் முதல் வார்த்தையைக் கேசட்டு போட்டுக் கேட்டு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டது அக்கா. அவர் அதைக் கேட்டு வளர்ந்தவரும் இல்லை.

பாய் விரிப்பில் ஒரு பேச்சு

ராத்திரி அக்கா கட்டிலுக்குக் கீழே பாயை விரித்தார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

"உங்களுக்குன்னு ஒரு கட்டில் கிடையாதா?" என்றேன். காலையில் "நீ" என்று ஆரம்பித்தவள், எப்போது "நீங்க"வுக்கு மாறினேன் என்று எனக்கே தெரியாது.

"எதுக்கும்மா? ரெண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்திருக்கணும்."

"தினமும்?"

"தினமும்தான். காத்து மெத்தை இருந்தாலும் திருப்பிப் படுக்க வெக்கணும். இல்லேன்னா முதுகு புண்ணாயிடும்."

நாலு வருஷத்துக்கு எத்தனை ராத்திரி என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன், நெஞ்சு அடைத்தது. லீவு? அவர் அம்மாவுக்கு உடம்புக்கு வந்தபோது நாலு தரம் ஊருக்குப் போயிருக்கிறார். 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானதிலிருந்து, பகல் வேளையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை போய், ஊரிலிருந்து வரும் மகளைப் பார்த்துவிட்டு வருவாராம். அவ்வளவுதான்.

"ஆடிப் பதினெட்டுக்கு?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. "எங்கம்மாவுக்கும் எழுபத்தஞ்சு வயசும்மா. எங்க ஊர்ல ஆத்தங்கரையில காப்பரிசி வெச்சிக் கும்பிட்டு, அம்மா கையால மஞ்சள் கயிறு கட்டிக்கிட்டு நாலு வருஷம் ஆச்சி. மக பாத்துக்கறா. நான் இங்க பாத்துக்கறேன்."

இதைக் கேட்டு எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டுப் பெரியவளைப் பார்த்துக்கொள்வதற்காக இன்னொரு வீட்டுப் பெரியவள் மகளில்லாமல் இருக்கிறாள். நாம் சம்பளம் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குகிறோம்!

"நாளைக்கு மத்தியானம் கிளம்புங்க. ஞாயித்துக்கிழமை வந்தா போறும். நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

அக்கா சிரித்தார். "உங்களால முடியாதும்மா."

"நானும் ரெண்டு குழந்தை பெத்து வளர்த்தவதான்" என்றேன் ரோஷமாக.

வெள்ளி ராத்திரி

கிளம்புமுன் ஒரு நாற்பது பக்க நோட்டை என் கையில் கொடுத்தார். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டாள், எவ்வளவு தண்ணீர், மலஜலம் போன நேரம், எந்தப் பக்கம் படுத்திருந்தாள், எல்லாம் குண்டு குண்டான எழுத்தில். "வயசானவங்களுக்குத் தாகம் தெரியாதும்மா. கேக்கறாங்களான்னு பாக்காதீங்க, நேரம் பாத்துக் குடுங்க. திடீர்னு குழப்பமா இருந்தாலோ, ஜுரம் வந்தாலோ, ஒண்ணுக்குப் போறது நாத்தம் அடிச்சாலோ உடனே டாக்டருக்குப் போன் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதல் சோதனை டயபர் மாற்றுவது. ஆள் ஒல்லிதான், ஆனால் ஒத்துழைக்காத உடம்பு என்ன கனம்! நாலாக மடித்த பழைய வேஷ்டி ஒன்று எப்போதும் அத்தைக்கு அடியில் இருக்கும். உடம்பை இழுக்காமல் அந்த வேஷ்டியைப் பிடித்து நகர்த்த வேண்டும். சொன்னபடி செய்தும் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. சுத்தம் பண்ணும்போது அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். 'பாட்டி, இப்ப துடைக்கப் போறேன்' என்று அக்கா ஏன் ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்கிறார் என்று அப்போது புரிந்தது. கூச்சம் படுக்கையில் விழுந்தவளுக்கும் உண்டல்லவா? மரக்கட்டையைப் புரட்டுவது போல நான் ஒரு வார்த்தை பேசாமல் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குத் திருப்பினேன். பன்னிரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து திருப்பினேன். இரண்டு மணிக்குக் கண் திறக்க முடியாமல், அழுகை முட்டிக்கொண்டு வர, திருப்பினேன். நாலு மணி அலாரம் எனக்குக் கேட்கவேயில்லை.

விழித்தபோது ஆறு அடித்துக்கொண்டிருந்தது. பதறி எழுந்து அத்தையைத் திருப்பினால், இடது இடுப்பு எலும்பின் மேல் ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு! விரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பயமில்லை. சிவப்பு அப்படியே இருந்தால் அதுதான் படுக்கைப் புண்ணின் ஆரம்பம் என்று நோட்டில் எழுதியிருந்தது. கொஞ்சம் வெளுத்த மாதிரியும் இருந்தது, வெளுக்காத மாதிரியும் இருந்தது. கை நடுங்க அக்காவுக்குப் போன் பண்ணினேன்.

"பயப்படாதீங்கம்மா. அதைத் தேய்க்காதீங்க, எண்ணெய் போடாதீங்க. அந்தப் பக்கமே படுக்க வெக்காதீங்க. சாயந்திரமும் அப்படியே இருந்தா டாக்டரைக் கூப்பிட்டுக் காமிச்சிடுங்க" என்றார். திட்டவேயில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

காவிரிக்குப் போகாத ஆடிப் பதினெட்டு

சனிக்கிழமை, ஆடிப் பதினெட்டு. விடிந்ததும் தெருவெல்லாம் காலடிச் சத்தம். பட்டுப் புடவைச் சரசரப்பு, குழந்தைகள் கூச்சல். எல்லோரும் அம்மா மண்டபத்தைப் பார்க்கப் போகிறார்கள். மஞ்சள், குங்குமம், காதோலை கருகமணி, வெல்லம் கலந்த அரிசி எல்லாம் தட்டில். இந்த ஆடியில்தான் நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, காவிரித் தாயாருக்குச் சீர் கொடுப்பார். பெருமாளே சீர் கொடுக்கும் ஊர் இது!

நான் போகவில்லை. ஜன்னலோரம் அத்தையை உட்காரவைத்துக்கொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிராத்து மாமி சித்ரான்னமும் மஞ்சள் கயிறும் கொண்டுவந்தார். தட்டை விஷயத்தை எடுத்துச் சொன்னேன். மாமி வெகுநேரம் பேசவில்லை. "புரையேறும்னு எனக்குத் தெரியாதுடி. பாவம், அவளை வாய்க்கு வந்தபடி சொல்லிட்டேனே" என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயந்திரம் நாலு மணிக்குச் சிவப்பு மறைந்துவிட்டது. ரங்கநாதனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். அன்று ராத்திரி நான் தூங்கவேயில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே விடியவைத்தேன்.

பின்கட்டில் பாத்திரம் எடுக்கப் போனபோது, மாடத்தில் தனியாக ஒரு டம்ளரும் தட்டும் இருப்பதைப் பார்த்தேன். அக்காவினுடையது. அந்த வழக்கத்தை யார் வைத்தது, எப்போது வைத்தது, யாரும் கேட்கவில்லை. நம் அத்தையின் உடம்பை நாள் பூரா தொட்டுக் கழுவுகிற கைக்குத் தனி டம்ளரா? வெட்கமாயிருந்தது. எடுத்துக் கழுவி, சமையலறை அலமாரியில் எங்கள் டம்ளர்களோடு சேர்த்து வைத்தேன்.

அக்கா வந்தார்

ஞாயிறு மத்தியானம் அக்கா வந்தார். புதுப் பூவும், மணிக்கட்டில் மஞ்சள் கயிறும், முகத்தில் ஒரு தெளிவும். "கரையிலயே நின்னு கும்பிட்டோம். தண்ணி வேகம், இறங்க விடல" என்று சொல்லிக்கொண்டே, முதல் வேலையாகக் கை கால் கழுவிவிட்டு நேரே கட்டிலுக்குப் போனார்.

வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே அத்தையின் முகம் திரும்பிவிட்டது. இடது கையை நீட்டி அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்றாள். எண்பத்திரண்டு வயசுக்காரி நாற்பத்தைந்து வயசுக்காரியைப் பார்த்து! அத்தானுக்கு நான் சொல்ல வேண்டிய ரிப்போர்ட்டை அத்தையே சொல்லிவிட்டாள்.

ராத்திரி போன் பண்ணினேன். "ஆளை மாத்த வேண்டாம். ஹோமும் வேண்டாம். மாத்த வேண்டியது நாமதான்" என்று ஆரம்பித்தேன். அத்தான் முதலில், "நல்ல புடவையா ஒண்ணு எடுத்துக் கொடுத்துடேன்" என்றார். புடவை எடுக்கலாம், பொன்னாடைகூடப் போர்த்தலாம். அதைப் போர்த்திக்கொண்டு தூங்க அவருக்கு ஒரு ராத்திரி வேண்டாமா?

கடைசியில் இப்படி முடிவு செய்தோம். மாசத்தில் நாலு நாள் சம்பளத்தோடு லீவு. அந்த நாட்களில் நானும், அத்தானும் மன்னியும் முறைவைத்து வந்து இருப்பது. வாரத்தில் இரண்டு ராத்திரி மட்டும் வேறொரு பெண், அக்கா தூங்குவதற்காக. தனிக் கட்டில். ஒண்ணாம் தேதி தவறாமல் சம்பளம். கேட்காமலே வருஷா வருஷம் உயர்வு. ஆடிப் பதினெட்டுக்கு அவர் ஊருக்குப் போவது கட்டாயம். வீட்டு வேலை செய்கிறவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 2007-ல் நல வாரியம் ஏற்பட்டிருக்கிறது. அதில் அவரைப் பதிவுசெய்ய முடியுமா என்று விசாரிப்பது அத்தான் பொறுப்பு.

அக்காவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த ரெண்டு ராத்திரி வர்ற பொண்ணுக்கு நான் சொல்லிக் குடுக்கலாமாம்மா?"

உங்களுக்காக

உங்கள் வீட்டிலும் படுக்கையில் ஒரு மாமியாரோ, தாயாரோ இருக்கலாம். பார்த்துக்கொள்ள ஒருவரை வைத்திருக்கலாம், வைக்கத் தேடிக்கொண்டிருக்கலாம். நல்லவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவர் பேச்சு இனிப்பாக இருக்கிறதா என்று பார்த்து நான் ஏமாறப் பார்த்தேன். நீங்கள் பெரியவரின் முதுகையும் குதிகாலையும் பாருங்கள். நகம் வெட்டியிருக்கிறதா, வாய் சுத்தமாக இருக்கிறதா பாருங்கள். தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத் தொடுகிறாரா? நிமிர்த்தி உட்காரவைத்து, தானும் உட்கார்ந்து ஊட்டுகிறாரா? எதையாவது எழுதிவைக்கிறாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் காலடிச் சத்தம் கேட்டால் பெரியவரின் முகம் மலர்கிறதா, சுருங்குகிறதா? முகம் சுருங்கினாலோ, காரணம் தெரியாத காயம் இருந்தாலோ சும்மா இருக்காதீர்கள். முதியோருக்கென்றே இருக்கும் 14567 என்ற கட்டணமில்லாத எண்ணில் ஆலோசனையும் உதவியும் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையிலிருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிஸியோதெரபி கொடுப்பதும் சேர்ந்திருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

நல்லவர் என்று தெரிந்துவிட்டால், ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அவரை ஊருக்கு அனுப்பிவிட்டு, அவர் வேலையை இரண்டு ராத்திரி நீங்கள் செய்து பாருங்கள். அப்புறம் அவருக்கு என்ன மரியாதை செய்யவேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

திங்கள்கிழமை ஊர் திரும்புமுன் அம்மா மண்டபத்துக்குப் போனேன். கூட்டம் வடிந்திருந்தது. படிகளைத் தொட்டுக்கொண்டு காவிரி ஓடினாள். கொண்டுபோன மஞ்சளையும் பூவையும் தண்ணீரில் விட்டேன். பெருமாள் சீர் கொடுக்கிற அந்த இடத்தில் நின்று, நாங்களும் எங்கள் வீட்டுக் காவிரிக்குக் கொடுக்க வேண்டிய சீரை நாலு வருஷம் தாமதமாகவாவது கொடுக்க ஆரம்பித்தோமே என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்தபோது, அக்கா பாசுரத்தின் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுக்கிற குரல் கேட்டது. அதைத் தொடர்ந்து அத்தையின் குரல்.